சர்வதேசப் பள்ளியில் முதல் ஆசிரியர் வேலை: பி.எட். முடித்தவர்களுக்கு முழு வழிகாட்டி

பி.எட். முடித்தவர்களும், மெட்ரிக் அல்லது சிபிஎஸ்இ பள்ளியில் சில வருடம் பாடம் எடுத்தவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: இன்டர்நேஷனல் ஸ்கூலுக்குள் எப்படி நுழைவது? கேட்ட கையோடு துபாய், சிங்கப்பூர், பாங்காக் என்று விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்குகிறார்கள், மாதக்கணக்கில் ஒரு பதிலும் வராது, அப்புறம் "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) பாடத்திட்டம் நடத்தும் பள்ளி ஒன்றில் ஆசிரியர்களைத் தேர்வு செய்யும் குழுவில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், கிடைக்காததற்குக் காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவு கிடையாது. தப்பான கதவைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முதல் சர்வதேசப் பள்ளி வேலையை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே தேடுங்கள், பதவி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அங்கே இரண்டு வருடம் நிஜமாகவே ஐபி அல்லது கேம்பிரிட்ஜ் பாடம் எடுத்துவிட்டால், நீங்கள் அனுப்பும் அதே விண்ணப்பத்தை வெளிநாட்டுப் பள்ளிகள் வேறு கண்ணோடு பார்க்கும். இனி அதற்கான வேலைகளை வரிசையாகப் பார்ப்போம்.

பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று இருந்தால் போதாது

தமிழ்நாட்டில் 'இன்டர்நேஷனல் ஸ்கூல்' என்று பெயர் வைத்துக்கொண்டு முழுக்க சிபிஎஸ்இ மட்டும் நடத்தும் பள்ளிகள் ஏராளம். அவற்றில் நல்ல பள்ளிகளும் உண்டு. ஆனால் நீங்கள் தேடும் அனுபவம் அங்கே கிடைக்காது. அதனால் விண்ணப்பிக்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்துச் சரிபாருங்கள். ஐபி அமைப்பின் இணையதளத்திலும் கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் இணையதளத்திலும் நாடு, ஊர் வாரியாகப் பள்ளிகளைத் தேடும் வசதி இருக்கிறது. பள்ளியின் பெயர் அங்கே இருந்தால் மட்டும் மேலே போங்கள்.

ஐபி என்பது 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய அமைப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு பிஒய்பி, நடு வகுப்புகளுக்கு எம்ஒய்பி, 11, 12-ஆம் வகுப்புகளுக்கு டிபி, அதோடு தொழில் சார்ந்த சிபி என்று நான்கு திட்டங்கள் உண்டு. ஒரு பள்ளி எல்லாவற்றையும் நடத்தும் என்ற கட்டாயம் இல்லை. பிஒய்பி மட்டும் ஐபி, மேலே கேம்பிரிட்ஜ் என்று கலந்து நடத்துவது இங்கே சகஜம். இன்னொன்றையும் கவனியுங்கள்: 'கேண்டிடேட்' நிலை என்று போட்டிருந்தால் அந்தப் பள்ளிக்கு இன்னும் முழு அங்கீகாரம் வரவில்லை என்று பொருள். புதிதாக நுழைபவருக்கு அது கெட்ட செய்தி இல்லை. அப்படிப்பட்ட பள்ளிகள் அங்கீகாரத்துக்காக ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அனுப்பியாக வேண்டும், செலவு பள்ளியுடையது.

கேம்பிரிட்ஜ் பக்கம் வந்தால் பிரைமரி, லோயர் செகண்டரி, பிறகு 9, 10-ஆம் வகுப்புகளுக்கு 1988-இல் வந்த ஐஜிசிஎஸ்இ, அதற்கு மேல் 11, 12-க்கு ஏஎஸ், ஏ லெவல். இந்தப் பெயர்களும் எந்த வயதுக்கு எது என்பதும் தெரியாமல் நேர்காணலுக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், முதல் இரண்டு நிமிடத்திலேயே அது தெரிந்துவிடும்.

இது நமக்குப் புதிய உலகமும் இல்லை. இந்தியாவில் முதன்முதலில் ஐபி கொண்டுவந்தது கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-இல். ஊட்டியில் ஹெப்ரான், குட் ஷெப்பர்ட், சென்னை தரமணியில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று பழைய பெயர்கள் இருக்கின்றன. கடந்த இருபது வருடத்தில் சென்னை, கோவை, பெங்களூரு, ஹைதராபாத் பக்கம் புதிதாக முளைத்தவை அதைவிட மிக அதிகம், உங்கள் முதல் வாய்ப்பு பெரும்பாலும் அந்தப் புதியவற்றில்தான் இருக்கும்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள்

எடுக்கப்போகும் பாடத்திலேயே இளங்கலைப் பட்டம், மேலே பி.எட். இதுதான் சிக்கலில்லாத கூட்டணி. முதுகலை இருந்தால் டிபி, ஏ லெவல் வகுப்புகளுக்கு உதவும். பொறியியல் முடித்து பி.எட். படித்தவர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கிறார்கள். உங்களை இங்குள்ள சர்வதேசப் பள்ளிகள் கணிதத்துக்கோ இயற்பியலுக்கோ கம்ப்யூட்டருக்கோ தயங்காமல் எடுக்கும், ஆனால் பின்னாளில் வளைகுடா போக நினைத்தால் பட்டத்தின் பெயரும் பாடமும் பொருந்தவில்லை என்ற கேள்வி வரலாம். அது இப்போதே தெரிந்திருந்தால், வேலை பார்த்துக்கொண்டே கணிதத்தில் ஒரு முதுகலை முடிப்பதா என்று யோசிக்க நேரம் இருக்கும். தொலைநிலைக் கல்வியில் வாங்கிய பட்டத்துக்கும் அப்படித்தான், உள்ளூரில் பிரச்சினை குறைவு, வெளிநாட்டில் கேள்விகள் உண்டு.

டெட் தேர்ச்சியை இந்தப் பள்ளிகள் பெரும்பாலும் கேட்பதில்லை. பி.எட். இல்லாமலும் சில பள்ளிகள் எடுக்கின்றன, குறிப்பாகக் கலை, இசை, கம்ப்யூட்டர் போன்ற பாடங்களுக்கு. ஆனாலும் முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், வெளிநாட்டு அனுமதிக்கு ஆசிரியர் பயிற்சிப் பட்டம் இல்லாமல் நகர்வது கடினம்.

எந்தப் பாடத்துக்குக் கிராக்கி? கணிதம், இயற்பியல், வேதியியல் ஆட்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. ஆரம்ப வகுப்புகளில் பிஒய்பி வகுப்பாசிரியர்கள். சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான ஆசிரியர்களுக்குத் தட்டுப்பாடே இருக்கிறது, சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்தவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். தமிழாசிரியர்களும் மனம் தளர வேண்டாம்: 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு இங்குள்ள பள்ளிகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேவை, அதிலும் வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்றுத்தரத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு.

எந்தக் கதவு

விளம்பரத்தில் "ஐபி அனுபவம் கட்டாயம்" என்று போடுவார்கள், அனுபவம் இல்லாதவர் எப்படித்தான் அனுபவம் சேர்ப்பது என்று நியாயமாகவே கோபம் வரும். வழி இருக்கிறது, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்காது.

கோ-டீச்சர் அல்லது அசோசியேட் டீச்சர்: பிஒய்பி வகுப்புகளில் முக்கிய ஆசிரியரோடு இன்னொருவரும் இருப்பார். சம்பளம் குறைவுதான், நீங்கள் இப்போது வாங்குவதைவிடக் கூடக் குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரு வருடம் முழுக்க யூனிட் எப்படித் திட்டமிடப்படுகிறது, பெற்றோரோடு பேசுவது எப்படி, குழந்தையின் கற்றலை எப்படிப் பதிவு செய்வது என்று பக்கத்தில் நின்று பார்க்கலாம். எந்த ஆன்லைன் கோர்ஸும் இதைத் தராது.

மகப்பேறு விடுப்புக்கான மாற்று ஆசிரியர்: ஆறு மாத வேலை, வருடத்தின் நடுவில் வரும், அனுபவசாலிகள் வேலையை விட்டுவிட்டு இதற்கு வரமாட்டார்கள். அதனால் பள்ளி புதியவர்களைப் பார்க்கத் தயாராக இருக்கும். நன்றாகச் செய்தால் அடுத்த வருடம் காலியிடம் வரும்போது உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

விடுதிப் பள்ளிகள்: கொடைக்கானல், ஊட்டி போன்ற இடங்களில் பாடத்தோடு விடுதிப் பொறுப்பும் சேர்த்து ஏற்றுக்கொள்பவர்களைத் தேடுவார்கள். சின்ன வயது, குடும்பப் பொறுப்பு குறைவு என்றால் யோசிக்கலாம், தங்குமிடமும் சாப்பாடும் கிடைப்பதால் சேமிக்கவும் முடியும். லேப் அசிஸ்டென்ட், லேர்னிங் சப்போர்ட் உதவியாளர், ஷேடோ டீச்சர் (ஒரு குறிப்பிட்ட பிள்ளையோடு வகுப்பில் கூடவே இருந்து உதவுபவர்) வேலைகளும் வாசல்கள்தான். ஆனால் சேரும் முன் "ஒரு வருடத்துக்குப் பிறகு வகுப்பாசிரியராகப் பரிசீலிப்பீர்களா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். சில பள்ளிகளில் உதவியாளர் உதவியாளராகவே ஓய்வு பெறுவார்.

முதல் வேலையே வெளிநாட்டில் ஏன் வேண்டாம் என்கிறேன்? அங்குள்ள நல்ல பள்ளிகள் விசா, விமான டிக்கெட், வீடு என்று ஓர் ஆசிரியருக்குப் பெரிய செலவு செய்கின்றன, அதனால் அதே பாடத்திட்டத்தில் இரண்டு வருட அனுபவம் உள்ளவரைத்தான் முதலில் பார்க்கும். சில விளம்பரங்களில் 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்றோ குறிப்பிட்ட நாட்டு பாஸ்போர்ட் என்றோ வெளிப்படையாகவே போடுவார்கள், அது அநியாயம்தான், கொஞ்சம் கொஞ்சமாக மாறியும் வருகிறது. ஆனால் அனுபவம் இல்லாத விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு அந்தச் சுவரில் முட்டுவதால் உங்கள் நம்பிக்கைதான் போகும்.

விண்ணப்பிக்கும் முன் பாடத்திட்டத்தைப் படித்துவிடுங்கள்

இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு, அதனாலேயே இதைச் செய்பவர் தனியாகத் தெரிகிறார். செலவும் இல்லை.

கேம்பிரிட்ஜ் இணையதளத்தில் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸும் இலவசமாகக் கிடைக்கும். ஐஜிசிஎஸ்இ கணிதம் 0580, உயிரியல் 0610, வேதியியல் 0620, இயற்பியல் 0625. உங்கள் பாடத்தின் சிலபஸை எடுத்து முதலில் மதிப்பீட்டுப் பகுதியைப் படியுங்கள், எத்தனை தாள், எந்தத் தாளில் எது சோதிக்கப்படுகிறது என்று. பிறகு பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து நீங்களே எழுதி, கூடவே இருக்கும் மார்க் ஸ்கீமை வைத்துத் திருத்துங்கள். நம் பிளஸ் டூ விடைத்தாள் திருத்திப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். மனப்பாட விடை அங்கே மதிப்பெண் வாங்காது, 'ஸ்டேட்', 'டிஸ்கிரைப்', 'எக்ஸ்பிளெய்ன்' என்று கேள்வியில் வரும் கட்டளைச் சொல்லுக்கு ஏற்ப விடை மாற வேண்டும்.

ஐபி-யில் முழுப் பாட வழிகாட்டிகள் பொதுவில் கிடைக்காது, ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் சுருக்கக் குறிப்புகளை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். டிபி என்றால் ஆறு பாடம், அதற்கு 42 மதிப்பெண், டிஓகே-வும் (தியரி ஆஃப் நாலெட்ஜ் என்ற பாடம்) 4,000 வார்த்தை எக்ஸ்டெண்டட் எஸ்ஸேயும் (மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரை) சேர்ந்து 3, மொத்தம் 45. அறிவியல் பாடங்களில் 20 சதவீதம் மாணவர் தானே வடிவமைக்கும் ஆய்வுக்கு, இன்டர்னல் அசெஸ்மென்ட் என்பார்கள். கணிதம் 2019 முதல் ஏஏ (அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்), ஏஐ (அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரட்டேஷன்) என்று இரண்டு பாதையாகப் பிரிந்துவிட்டது, கிராஃபிக் கால்குலேட்டர் இல்லாமல் நகராது, எனவே கணித ஆசிரியர்கள் அதைத் தொட்டுப் பழகிவிட்டு வாருங்கள். எம்ஒய்பி-யில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஏ முதல் டி வரை நான்கு அளவுகோல், ஒவ்வொன்றும் 8 மதிப்பெண்.

சரி, ஐபி சான்றிதழ் கோர்ஸ் சேரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தனி ஆளாக 'ஐபி உரிமம்' வாங்கினால்தான் பாடம் எடுக்கலாம் என்று எந்த விதியும் கிடையாது. 'கேட்டகரி 1' என்ற அறிமுகப் பயிற்சிக்குப் பள்ளியே செலவு செய்து அனுப்பும், நீங்கள் சொந்தக் காசில் பல நூறு டாலர் கட்ட வேண்டியதில்லை. ஐபி அங்கீகரித்த பல்கலைக்கழகங்கள் நடத்தும் சான்றிதழ் படிப்புகள் உண்மையானவை, மதிப்புள்ளவை, ஆனால் முதல் வேலைக்கு அவசியம் இல்லை. "வாரக் கடைசியில் ஐபி டீச்சர் சர்டிபிகேஷன், வேலை உறுதி" என்று விளம்பரம் செய்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ரெஸ்யூம்

இரண்டு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். அப்பா பெயர், மதம், சாதி, திருமண நிலை, கீழே "மேற்கண்டவை உண்மையென உறுதியளிக்கிறேன்" என்ற பத்தி, கையெழுத்து, இடம், தேதி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கலந்துகொண்ட வெபினார் பட்டியலும் வேண்டாம்.

"9-ஆம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தேன்" என்ற வரியால் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த வகுப்பில் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பள்ளியில் லேப் வசதி இல்லாதபோது செல்போன் கேமராவை வைத்து ஊசலின் நேரத்தை அளக்க வைத்தீர்களா? ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைகளுக்காகத் தனியாக ஒர்க்‌ஷீட் போட்டீர்களா? கணிதத்தில் பின்தங்கியவர்களுக்கு மாலையில் என்ன மாற்றிச் செய்தீர்கள், அதில் என்ன நடந்தது? இப்படி மூன்று நான்கு வரி உண்மையாக எழுதினால் அதுதான் நேர்காணலுக்கு உங்களைக் கூட்டிவரும். சாதாரண மெட்ரிக் பள்ளியில் நாற்பது ஐம்பது பிள்ளைகளை வைத்துச் சமாளித்தவர்களிடம் சொல்ல நிறையவே இருக்கிறது, அதைக் குறைத்து நினைக்காதீர்கள்.

வேலையில் இடைவெளி இருந்தால் மறைக்க வேண்டாம். குழந்தை வளர்ப்புக்காக 2019 முதல் 2022 வரை வீட்டில் இருந்தேன் என்று ஒரு வரி போட்டால் யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை. விளக்கம் இல்லாத இடைவெளியைத்தான் சந்தேகப்படுவோம், காரணத்தைக் கீழே குழந்தைப் பாதுகாப்புப் பகுதியில் சொல்கிறேன்.

பரிந்துரையாளர்களாக இரண்டு பேர், அதில் ஒருவர் கடைசியாக வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியரோ முதல்வரோ. ஜிமெயில் முகவரியைவிடப் பள்ளியின் மின்னஞ்சல் நல்லது. கேட்காமல் யார் பெயரையும் போடாதீர்கள். கல்லூரியில் இருந்து நேராக வருபவர்கள் பி.எட். ஆசிரியப் பயிற்சியின்போது வகுப்பை நேரில் பார்த்த வழிகாட்டி ஆசிரியரைக் கேட்கலாம்.

கவர் லெட்டர் ஒரு பக்கத்துக்குள். அந்தப் பள்ளி எந்தத் திட்டம் நடத்துகிறது, நீங்கள் எந்த வகுப்புக்குப் பொருந்துவீர்கள், எது இன்னும் தெரியாது, அதைக் கற்க இதுவரை என்ன செய்தீர்கள். எல்லாப் பள்ளிக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் தெரிந்துவிடும், வேறு பள்ளியின் பெயரோடு வந்த கடிதங்களையும் பார்த்திருக்கிறேன்.

எங்கே, எப்போது

இந்தியாவில் முதல் வழி பள்ளியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் 'கேரியர்ஸ்' பக்கம். உங்கள் ஊரைச் சுற்றி நீங்கள் போகத் தயாராக உள்ள பள்ளிகளை ஒரு தாளில் எழுதி, வாரம் ஒருமுறை பாருங்கள். லிங்க்ட்இன்-இல் அந்தப் பள்ளிகளின் கோ-ஆர்டினேட்டர்கள் போடும் பதிவுகளையும் பின்தொடருங்கள். வெளிநாட்டுக்கு டெஸ், டீச்சர் ஹொரைசன்ஸ், டிஐஇ ஆன்லைன், ஷ்ரோல், சர்ச் அசோசியேட்ஸ் ஆகியவை ஆசிரியர் வேலைகளுக்கான தளங்களிலும் நிறுவனங்களிலும் தெரிந்த பெயர்கள். கடைசியில் சொன்னது அனுபவசாலிகளுக்கானது, இப்போது அவசரம் இல்லை.

காலண்டரைப் புரிந்துகொள்வது முக்கியம். ஆகஸ்டில் தொடங்கும் பள்ளிகள் முந்தைய நவம்பரிலேயே ஆள் தேட ஆரம்பிக்கும், ஜனவரி முதல் மார்ச் வரை உச்சம். புதியவர்களுக்கு உண்மையான வாய்ப்பு அதற்குப் பிறகு, ஏப்ரல் முதல் ஜூன் வரை. அப்போது கடைசி நேரத்தில் ஒருவர் விலகுவார், மாணவர் சேர்க்கை கூடி இன்னொரு செக்‌ஷன் திறக்கும், பள்ளிக்கு அவசரம் இருக்கும். பிப்ரவரியில் "இடமில்லை" என்ற பள்ளிக்கு மே மாதம் மறுபடியும் எழுதத் தயங்காதீர்கள். வளைகுடாவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குவதால் அவற்றின் வேட்டை முன்னாடியே முடிந்துவிடும்.

நேர்காணலும் டெமோ கிளாஸும்

வேலை முடிவாவது டெமோ கிளாஸில்தான். இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள், நன்றாகப் பாடம் நடத்தத் தெரிந்தவர்களே சறுக்குகிறார்கள். காரணம், முப்பது நிமிடமும் அவர்களே பேசுகிறார்கள். நாங்கள் பின்னால் உட்கார்ந்து உங்களை விடப் பிள்ளைகளைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருப்போம்: யார் யோசிக்கிறார்கள், யார் எழுதுகிறார்கள், புரியாத பிள்ளை எப்போது கண்டுகொள்ளப்பட்டது.

உதாரணத்துக்கு 9-ஆம் வகுப்பு, சவ்வூடு பரவல் என்று கொடுத்தால் இப்படித் திட்டமிடலாம். ஒரே அளவில் நறுக்கிய உருளைக்கிழங்குத் துண்டுகளில் பாதியை வெறும் தண்ணீரிலும் பாதியை நல்ல உப்புத் தண்ணீரிலும் முன்னாடியே ஊறவைத்து எடுத்துப் போங்கள். வகுப்புக்குள் போனதும் வரையறை எழுதாதீர்கள். இரண்டிரண்டு பேருக்கு இரண்டு துண்டு கொடுத்து வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று விறைப்பாக இருக்கும், இன்னொன்று தொய்ந்து வளையும். ஏன் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அந்த அமைதியைத் தாங்கப் பழக வேண்டும், ஐந்தாறு விநாடி போனால்தான் பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வரும். தண்ணீர் எந்தப் பக்கம் போனது என்று அம்புக்குறியோடு படம் வரைய வையுங்கள். அவர்கள் சொந்த வார்த்தையில் சொன்ன பிறகு வாட்டர் பொட்டன்ஷியல் என்ற சொல்லைக் கொண்டுவாருங்கள். பிறகு பழைய தாளில் இருந்து ஒரு 'எக்ஸ்பிளெய்ன்' கேள்வி, பக்கத்தில் இருப்பவர் மார்க் ஸ்கீம் வைத்துத் திருத்தட்டும். போகும்போது ஒரு சின்னத் தாளில் "இன்னும் எது புரியவில்லை" என்று எழுதி வாங்குங்கள். டெமோ முடிந்து பேச உட்காரும்போது அந்தத் தாள்களைக் காட்டி "மூன்று பேர் உப்புதான் உள்ளே போனது என்று நினைக்கிறார்கள், அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்குவேன்" என்று சொல்பவரை எந்தப் பள்ளியும் எளிதில் விடாது.

லெசன் பிளானை இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். அதில் வேகமாக முடிப்பவருக்கு என்ன, தடுமாறுபவருக்கு என்ன என்று இரண்டு வரி இருக்கட்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள கார் கம்பெனிகளால் சென்னையில் கொரிய, ஜப்பானியக் குடும்பங்கள் நிறைய. ஆங்கிலமே புதிதான பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி அநேகமாக வரும். படம், முக்கியச் சொல் பட்டியல், தாய்மொழியில் முதலில் எழுத அனுமதிப்பது, பேசுவதற்கு முன் ஜோடியாக ஒத்திகை என்று குறிப்பாகச் சொல்லுங்கள், "தனிக் கவனம் செலுத்துவேன்" என்றால் பதில் சொன்னதாக ஆகாது.

மற்ற கேள்விகள்: ஒரு பாடம் சொதப்பியதா, அதன் பிறகு என்ன மாற்றினீர்கள்? கோபமாக வரும் பெற்றோரை எப்படிச் சந்திப்பீர்கள்? பிள்ளைகளின் ஒழுங்கு பற்றிக் கேட்டால் அடி, முட்டி போட வைப்பது, வெளியே நிறுத்துவது போன்றவை வாயில் வந்தால் அத்தோடு கதை முடிந்தது.

உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: வெள்ளைக்காரர் மாதிரி பேச முயல வேண்டாம். தெளிவாக, நிதானமாக, முழு வாக்கியமாகப் பேசினால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், ஐபி பள்ளியில் அதற்கு மதிப்பு உண்டு.

குழந்தைப் பாதுகாப்பு

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் இருக்கிறது. பல நாடுகளின் சர்வதேசப் பள்ளிகளில் பல வருடம் வேலை பார்த்த ஓர் ஆசிரியர் மாணவர்களைப் பாலியல் கொடுமை செய்துவந்தது 2014-இல் வெளியே வந்தது. ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்கு அவர் எளிதாக மாறிக்கொண்டே இருந்திருக்கிறார். அந்த ஆண்டே சர்வதேசப் பள்ளி அமைப்புகள் சேர்ந்து குழந்தைப் பாதுகாப்புக்கு ஒரு கூட்டுக் குழு அமைத்தன, ஆள் எடுக்கும் முறையே இறுகியது. பரிந்துரையாளரைத் தொலைபேசியில் கூப்பிடுவது, இடைவெளிகளைக் கேட்பது, காவல்துறைச் சான்று கேட்பது எல்லாம் அதனால்தான். இதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கேள்விகளைக் கேட்காத பள்ளியைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

நேர்காணலில் கட்டாயம் வரும் கேள்வி: ஒரு பிள்ளை "யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள், ஒன்று சொல்கிறேன்" என்கிறது. என்ன செய்வீர்கள்? ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "உன்னைப் பாதுகாக்க, உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்று அன்பாகச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். நோண்டி நோண்டி விசாரிக்காதீர்கள், உங்கள் ஊகத்தைப் பிள்ளையின் வாயில் திணிக்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, அன்றே, பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். வீட்டுக்குப் போன் போட்டு நீங்களே விசாரணையில் இறங்க வேண்டாம். 2012-இன் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது தண்டனைக்குரியது, இந்தச் சட்டத்தைப் பள்ளியில் சேரும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

சம்பளம், ஒப்பந்தம்

வேலை உறுதியானதும் சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், ஒரு நாள் கேட்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, வருட நடுவில் விலகினால் என்ன பிடிப்பார்கள், பாண்ட் இருக்கிறதா, பிஎஃப் உண்டா, விடுமுறை மாதச் சம்பளம் வருமா, பயிற்சிக்கு அனுப்பினால் அதற்காக எவ்வளவு காலம் கட்டுப்பட வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. தமிழ்நாட்டில் பல தனியார் பள்ளிகளுக்கு அசலைப் பிடித்து வைக்கும் பழக்கம் இருக்கிறது, நல்ல சர்வதேசப் பள்ளி அப்படிச் செய்யாது.

வெளிநாட்டு ஒப்பந்தத்தில் மொத்தத் தொகையை விட அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். யுஏஇ-யில் வேலை முடிந்து கிளம்பும்போது தரும் பணிக்கொடை முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கிடப்படுகிறது, அடிப்படையைக் குறைத்து அலவன்ஸைக் கூட்டிக் காட்டினால் இங்கே உங்களுக்கு நட்டம். வீடு தனியாகவா பகிர்ந்தா, டிக்கெட் வருடா வருடமா, பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். உள்ளூரிலேயே எடுக்கப்பட்டவர், வெளிநாட்டில் இருந்து எடுக்கப்பட்டவர் என்று இரண்டு சம்பள அடுக்கு வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. துணைவரின் விசாவில் அங்கே போய் வேலை தேடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு வெளியே

அந்த இரண்டு வருடத்திலேயே கோப்பைத் தயார் செய்துகொண்டே வாருங்கள்: நீங்கள் உருவாக்கிய யூனிட் பிளான்கள், பெயர் மறைத்த மாணவர் வேலைகள், பயிற்சிச் சான்றுகள், வகுப்பைப் பார்த்தவர் எழுதிய குறிப்புகள். யுஏஇ போவதானால் பட்டங்களுக்கு மாநில உயர்கல்வித் துறைச் சரிபார்ப்பு, வெளியுறவு அமைச்சகம், பிறகு தூதரகம் என்று வரிசை இருக்கிறது. அமைச்சகம் பொதுமக்களிடம் நேரில் வாங்குவதில்லை, அது அங்கீகரித்த ஏஜென்சிகள் வழியாகத்தான். அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் (ஒரு நாட்டின் ஒரே சான்று முத்திரையை மற்ற நாடுகளும் ஏற்கும் ஒப்பந்தம்) உள்ள நாடுகளுக்குத் தூதரகப் படி தேவையில்லை, சீனாவும் 2023 நவம்பரில் அதற்குள் வந்துவிட்டது. மதிப்பெண் பட்டியலில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து இன்னொரு பெயர் என்று நம் ஊரில் பலருக்கு இருக்கும். அதை வேலை வந்த பிறகு சரிசெய்ய ஓடாமல் இப்போதே பாருங்கள். காவல்துறைச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்கலாம்.

ஏஜெண்ட் வழியாகப் போனால் இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். யுஏஇ தொழிலாளர் சட்டமே ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது, அதன் அறிவிப்புகளையும் பாருங்கள். விசிட் விசாவில் வந்து சேருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம் என்று எந்தப் பள்ளி சொன்னாலும் போகாதீர்கள், விசிட் விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம், மாட்டிக்கொண்டால் சிக்கல் உங்களுக்குத்தான்.

கணிதம், அறிவியல், மொழிப் பாட ஆசிரியர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. இங்கிலாந்தின் கியூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதிக்கு 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் பயிற்சி பெற்றவர்களும் நேரடியாக விண்ணப்பிக்க முடியும். 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கற்பிக்கும் தகுதி, பட்டம், பி.எட்., குறைந்தது ஒரு வருட அனுபவம், ஆங்கிலத் திறன் ஆகியவற்றைக் காட்ட வேண்டும், விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இது விசா தராது, ஆனால் உலகம் முழுவதும் உள்ள பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் விளம்பரத்தில் கேட்கும் தகுதி இதுதான். பல்கலைக்கழகத்திலிருந்தும் பழைய பள்ளியிலிருந்தும் கடிதங்கள் வாங்க நம் ஊரில் நேரம் எடுக்கும், அதனால் முதல் வருடம் முடிந்ததுமே அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.